வாகனானந்தரின் பத்தாண்டு வாரண்டி

பேராக் மாநிலத்தில், செமோருக்கு அப்பால், பழைய தோட்டத்தின் ரப்பர்ப்பால் ஸ்டோருக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே நாற்பது கார்கள் வரிசை பிடித்துவிடும். சாதாரணக் கார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் ஜெர்மனி, சுவீடன், இங்கிலாந்து வம்சம். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, கதவைச் சாத்தினால்கூடப் பணக்காரச் சத்தம். ஒரு காலத்தில் இந்தச் செம்மண் பாதையில் துரை ஒருவர்தான் இப்படிப்பட்ட காரில் வருவார். இன்றைக்கு நாற்பது துரைகள். ஒவ்வொரு துரையின் முகத்திலும் கவலை, ஒவ்வொரு துரையின் காரிலும் அணைய மறுக்கும் ஒரு மஞ்சள் விளக்கு.

அந்த விளக்கை அணைக்கத்தான் வாகனானந்த சுவாமிகள் அவதரித்திருந்தார்.

பேராக் முழுக்க இதே பேச்சு. பட்டறை மெக்கானிக்கான பொமெனிடம் போனால் காரைப் பிரித்துப் போட்டு ஆயிரக்கணக்கில் கேட்பான். சாமியிடம் போனால் நூற்றைம்பது வெள்ளி, ஒரு தேங்காய், நான்கு எலுமிச்சம்பழம், பத்து நிமிஷம். தெலுக் இந்தானிலிருந்து வந்தார்கள், சித்தியவானிலிருந்து வந்தார்கள். ஈப்போவிலிருந்து கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே வாரம் தவறாமல் வந்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பது அத்துப்படி.

வரிசையில் பதினேழாவதாக நின்றார் ஐயாவு. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வயது ஐம்பத்தாறு, இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். மழைக்காலத்தில் துரையின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டால், தள்ளிவிட்ட கூட்டத்தில் ஐயாவுவின் அப்பாவும் இருப்பார். ஐயாவு வளர்ந்து, உழைத்து, அதே மாதிரி ஒரு காரைச் சொந்தமாக வாங்கி, அதைத் தானே தள்ளிக்கொண்டிருந்தார். முன்னேற்றம் என்றால் சும்மாவா!

காருக்கு வயது பன்னிரண்டு. புதிதாக இருந்தபோது மூன்று லட்சம் வெள்ளி. ஐயாவு வாங்கும்போது, புது உள்ளூர்க் கார் ஒன்றின் விலைக்கு வந்திருந்தது. "என்னா மலிவு!" என்று வாயைப் பிளந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். கார் விலை இறங்கிய சேதி அதன் உதிரிப் பாகங்களுக்கு எட்டவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. விற்ற கடைக்காரர் மூன்று மாத வாரண்டி கொடுத்தார். தொண்ணூறாம் நாள் வாரண்டி முடிந்தது. தொண்ணூற்று இரண்டாம் நாள் விளக்கு எரிந்தது. காருக்குக்கூட நாட்காட்டி பார்க்கத் தெரிகிறது.

விளக்கு எரிந்தால் கியர் மாறாது. கார் மாட்டுவண்டி வேகத்தில் ஊரும். அடுத்த ஞாயிறு சித்தியவானில் மகள் கலாதேவிக்குக் கல்யாணம். "என் பொண்ண என் கார்லதான் கூட்டிக்கிட்டு வருவேன்" என்று சம்பந்தியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். பாதி வழியில் கார் படுத்துக்கொண்டால்? பட்டுச்சேலையும் மாலையுமாகப் பெண் சாலையோரத்தில் நின்றால்? நினைக்கும்போதே அவருக்கு வேர்த்தது.

கியரைச் சரிபண்ண மூவாயிரத்து அறுநூறு வெள்ளி என்று பொமென் சொல்லியிருந்தான். அந்தப் பணத்தையும் எப்படியோ சேர்த்துவிட்டார். ஆனால் சட்டையெல்லாம் எண்ணெயாக நிற்கிற ஒருத்தனிடம் அவ்வளவு பணத்தை எப்படிக் கொடுப்பது? அதனால்தான் பத்து நாளைக்கு முன்பு முதல் தடவையாகச் சாமியிடம் வந்தார்.

அன்றைக்கு நடந்ததை அவரே கண்ணால் பார்த்தார். சாமி சிவப்புப் பட்டில் சுற்றிய ஒரு 'ரட்சை'யை எடுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு, "இதுதான் காரோட தொப்புள்" என்று எங்கேயோ சொருகினார். விபூதித் தட்டை மடியில் வைத்து, கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு, கண்களை மூடினார். "ஓம் இன்ஜினாய! ஓம் கியராய! ஓம் டயராய!" இரண்டு நிமிஷம். கார் சாவியைத் திருப்பினால் விளக்கு இல்லை! கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. ஐயாவு அழுதேவிட்டார்.

மூன்றாம் நாள் ஜெலாப்பாங் பக்கம் விளக்கு மறுபடி எரிந்தது. சாமிமேல் தப்பு வருமா? அவர் கொடுத்திருந்த வாரண்டிக் காகிதத்திலேயே விதிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை கவுச்சி கூடாது. காருக்குள் சாமியைப் பற்றிச் சந்தேகமாகப் பேசக்கூடாது. பட்டறைப் பக்கம் காரைக் கொண்டுபோனால் வாரண்டி உடனே ரத்து. ஐயாவு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு துண்டு கருவாடு தின்றிருந்தார். "என் வாய்தான் எனக்குச் சத்துரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஓடிப்போய்ச் சொன்னபோது சாமி கோபிக்கவில்லை. பூர்ண ரட்சை என்று ஒன்று இருப்பதாகவும், செப்புத் தகட்டோடு பத்து வருஷ வாரண்டி என்றும் சொன்னார். "பொமென் எவ்ளோ கேட்டான்?" என்று அன்பாக விசாரித்தார். மூவாயிரத்து அறுநூறு என்றார் ஐயாவு. சாமி கண்ணை மூடித் திறந்தார். அருள்வாக்கிலும் அதே தொகைதான் வந்தது!

அந்தப் பணம்தான் இன்றைக்கு ஐயாவுவின் மனைவி புஷ்பலதாவின் கைப்பைக்குள் இருந்தது. புஷ்பலதா புந்தோங்கில் ஒரு கார் வயரிங் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கெழுதுகிறாள். இப்படிப்பட்ட விளக்குகளை நாள் முழுக்கப் பார்க்கிறவள். அவளிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்கிறீர்களா? நல்ல கேள்விதான். வீட்டுக்காரி சொன்னால் அது நச்சரிப்பு. அதையே தாடி வைத்த ஆள் சொன்னால் உபதேசம்.

"என்னாங்க, கடைசியா ஒரு தடவ சொல்றேன்," என்றாள் புஷ்பலதா. "அந்த ஆளு கண்ண மூடுறத பாக்காதீங்க. கை துண்டுக்குள்ள என்னா பண்ணுதுன்னு பாருங்க."

"கார்ல உக்காந்து அப்படிப் பேசாதலா! வாரண்டி போயிரும்!"

"சரி, ஒரு பந்தயம்." ஸ்டியரிங் பக்கத்து மூடியைத் திறந்து, விரல் நகம் அளவுக்கு ஒரு ஃபியூஸைக் கழற்றிக் காட்டினாள். "இது இல்லாட்டியும் கார் ஓடும். போன் சார்ஜ் பண்ற ஓட்டைக்குத்தான் கரண்டு வராது. சாமி ரட்சைய சொருகுற ஓட்டைக்கும் இதே ஃபியூஸ்தான். மந்திரத்துக்குக் கரண்டு எதுக்கு? விளக்கு அணைஞ்சிருச்சின்னா காசு முழுசையும் நானே தட்டுல வெச்சிட்டு, ஒங்க சாமி கால்ல விழுறேன். அணையலன்னா கார் பட்டறைக்குப் போவணும்."

ஐயாவு யோசித்தார். இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. "சரி" என்றார். உள்ளுக்குள், 'சாமி, இவளுக்கு முன்னால என் மானத்தக் காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டார்.

பின்னால் நின்ற காளியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சித்தியவானில் கேட்டரிங் நடத்துகிறவள். சுவீடன் காரின் சொந்தக்காரி. "கவலப்படாதீங்கண்ணே! நான் பன்னெண்டு தடவ வந்துட்டேன். பன்னெண்டு தடவையும் அணைச்சிட்டாருலா!"

ஒரு விளக்கைப் பன்னிரண்டு தடவை ஏன் அணைக்க வேண்டியிருந்தது என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஐயாவுவின் முறை வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது. சாமி உள்ளே ஏறி, ரட்சையைச் சொருகி, கண்களை மூடினார். "ஓம் இன்ஜினாய!" பக்கத்து இருக்கையிலிருந்து புஷ்பலதா சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. சாமி மறுபடி ஆரம்பித்தார். டயரைத் தாண்டி, கண்ணாடித் துடைப்பான் வரைக்கும் மந்திரம் போயிற்று. விளக்கு அசையவில்லை. துண்டுக்குள் கட்டைவிரல் தந்தியடித்தது. மூடிய கண்களில் ஒன்று லேசாகத் திறந்து துண்டுக்குள் எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை ஐயாவு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்ல சுத்தமில்லாத ஆளு இருக்கு," என்றார் சாமி.

"நான் எறங்கிக்கிறேன் சாமி," என்று இறங்கினாள் புஷ்பலதா. விளக்கு எரிந்தது.

"நேத்து யாரோ மீன் சாப்ட்ருக்காங்க!"

"நேத்து சனிக்கெழமை சாமி. ஒங்க காகிதத்துல வெள்ளிக்கெழமதான் போட்டிருக்கு."

கூட்டம் நெருங்கி வந்தது. புஷ்பலதா குனிந்து, ரட்சையைப் பிடுங்கிப் பட்டைப் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சொருகுமுனை.

"இது ஆன்லைன்ல முப்பது வெள்ளி. இதுல சொருகி, போன்ல ஒரு பட்டன அமுக்குனா கார் தன்னோட கோளாற மறந்துரும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். நோவுக்கு மருந்து குடுக்காம, நோவுன்னு சொல்ற வாய்க்குப் பிளாஸ்டர் ஒட்டுறாரு. இப்போ நான் மந்திரம் சொல்றேன், கேளுங்க."

ஃபியூஸைப் போட்டாள். தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த அதே மாதிரி சொருகுமுனையைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சொருகினாள். போனை உயர்த்திப் பிடித்து, கண்களை மூடி, சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் சொல்வதுபோலக் கணீரென்று ஆரம்பித்தாள். "ஓம் ரொட்டி சானாய்! ஓம் மீ கோரேங்! ஓம் தே தாரிக், சீனி கொறவு!"

விளக்கு அணைந்தது.

சீனத் தவுக்கேகூட ரொட்டி சானாயைப் புரிந்துகொண்டு 'ஐயா!' என்று சீனத்தில் அதிசயப்பட்டார். அப்போது காளியம்மா மெதுவாக முன்னால் வந்து, கைகளைக் கூப்பி, தழுதழுத்த குரலில் சொன்னாள்.

"தாயே! என் காருக்கும் அந்த ரொட்டி சானாய் மந்திரத்தக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

புஷ்பலதாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அக்கா! என் மந்திரமும் மூணு நாளைக்குத்தான். பட்டறைக்குப் போங்க!"

இந்தச் சந்தடியில் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக நழுவி, தன் சொந்தக் காரில் ஏறப் பார்த்தார். கூட்டம் மடக்கியது. அது ஜெர்மன் இல்லை, சுவீடன் இல்லை. உள்ளூரில் செய்த சின்னக் கார். கண்ணாடியில் கம்பெனியின் ஐந்து வருஷ வாரண்டி ஸ்டிக்கர். அடுத்த சர்வீஸ் தேதிகூட எழுதி ஒட்டியிருந்தது. தட்டில் விழுந்த வெள்ளியெல்லாம் திரும்பி வந்த பிறகுதான் அவரைப் போகவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "வெக்கமா இருக்கு புஷ்பா," என்றார் ஐயாவு.

"கார் ஓடலன்னு வெக்கப்பட்டீங்க பாருங்க, அதான் இவ்ளோ தூரம் கொண்டாந்து விட்டுச்சி. மொதல்ல என்கிட்ட கேட்ருந்தா டீ போட்டுக் குடுத்துட்டுச் சொல்லிருப்பேன்."

ஜெலாப்பாங் தாண்டும்போது, மூன்று நாள்கூடப் பொறுக்காமல், விளக்கு மறுபடி எரிந்தது. ஐயாவு தாமாகவே புந்தோங் பட்டறைப் பக்கம் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு, கலாதேவி பட்டுச்சேலை கசங்காமல் சித்தியவான் மண்டப வாசலில் போய் இறங்கினாள். அவள் இறங்குவதைப் பார்த்தபோது ஐயாவுக்குக் கண் கலங்கியது. சம்பந்தி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவரிடமும் அப்படியொரு பழைய கார் இருந்தது. பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டார்.

"சம்பந்தி, எந்தச் சாமிகிட்ட காட்டுனீங்க? நமக்கும் சொல்லுங்க."

"புந்தோங்ல இருக்கு சம்பந்தி," என்றார் ஐயாவு. "கையெல்லாம் எண்ணெயா இருக்கும். காசு வாங்குனா ரசீது குடுக்கும்."

சம்பந்தி அந்த முகவரியைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டு, தேங்காய் எத்தனை வேண்டும் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல! விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று வருகிறவனுக்கு நாற்பது கார் வரிசை நிற்கிறது ஐயா. அது எதற்காக எரிகிறது என்று கேட்க, அந்த வரிசையில் ஒரு வாயாவது வேண்டாமா?