மானியத்தில் விளைந்த தனிமை

ஜெர்மானிய மண்ணில் மகத்தான தனிமைகள் எத்தனையோ விளைந்திருக்கின்றன. மலை உச்சியில் நின்ற தனிமை, கானகத்தில் திரிந்த தனிமை, மொட்டை மாடி அறையில் இருமிக்கொண்டே கிடந்த தனிமை. ஆனால் அவையெல்லாம் தான்தோன்றிகள். முறையாக விண்ணப்பித்து, மூன்று பிரதிகளில் கையொப்பமிட்டு, பதினெட்டு நாள் கால அட்டவணைப்படி வளர்த்தெடுக்கப்பட்ட தனிமை ஒன்றே ஒன்றுதான். அது பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், இயக்குநர் லியாண்டரின் நேரடி மேற்பார்வையில் வளர்ந்தது.

படத்தின் பெயர் 'இரண்டாவது கோப்பை'. கதை ஆழமானது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கோப்பை கழுவுகிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். கடலைப் பார்க்கிறாள். மறுபடியும் அதே கோப்பையைக் கழுவுகிறாள். எண்பத்தாறாவது நிமிடத்தில் 'பக்குவம்' அடைந்து இரண்டு கோப்பை கழுவுகிறாள். கடைசியில் மஞ்சள் மழைக்கோட்டோடு அலைதடுப்புக் கரையில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அந்த முதுகில்தான் படமே இருக்கிறது என்று மானியம் தரும் நிதிக் குழுவிடம் லியாண்டர் எழுதிக் கொடுத்திருந்தார். முதுகு சரியாக அமையாவிட்டால் படம் இல்லை.

கையில் காசு குறைவு. காமிராவின் முக்காலிக்கு இரண்டு கால்தான் சொந்தக் கால். மூன்றாவதை ஒட்டுப்பட்டையால் கட்டியிருந்தார்கள். காற்றை மட்டும் ஊரே இலவசமாகக் கொடுத்தது. இந்த நிலையில் நடிக்கத் தெரிந்த நடிகைக்கு எங்கே போவது? லியாண்டர் பேருந்து நிறுத்தத்தில் வீப்கேயைக் கண்டுபிடித்தார். மூன்று மாதம் முன்பு நாட்டின் தென்கோடியான பவேரியாவிலிருந்து ரொட்டிக்கடை வேலைக்கு வந்தவள். ஊரில் ஒருவரையும் தெரியாது. இதைக் கேட்டதும் லியாண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அற்புதம்! அப்படியே இரு, மாறிடாதே" என்றார்.

மாறிவிடாதிருக்க அன்றே விதிகள் வகுக்கப்பட்டன. 'ஆக்‌ஷன்', 'கட்' தவிர எவரும் வீப்கேயிடம் ஒரு சொல்லும் பேசக் கூடாது. அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சாப்பாட்டு வேளையில் அவளுக்குக் கரையோரம் தனி மேசை. உதவி இயக்குநர் தில்மான் இதைத் தட்டச்சு செய்து பதினோரு பேரிடமும் கையெழுத்து வாங்கினான்.

ஒலிப்பதிவு செய்யும் ரோஸ்விதாவுக்கு ஐந்தாம் நாளே எழுத்துமூல எச்சரிக்கை போனது. வீப்கேயின் சட்டையில் மைக்கைக் குத்தும்போது "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள். ஆதாரம் அவளுடைய ஒலிப்பதிவிலேயே இருந்தது.

"தம்பி, அந்தப் பொண்ணு பதினோரு நாளா தனியா உக்காந்து உருளைக்கிழங்கு சாலட் தின்னுது. பாக்கவே வயித்தைப் பிசையுது" என்று பதினோராம் நாள் லியாண்டரிடமே சொன்னாள் ரோஸ்விதா.

"அதான்கா வேணும்! உங்களுக்கே பிசையுதுன்னா பாக்கிறவனுக்கும் பிசையும்ல?"

"பாக்கிறவன் டிக்கெட் வாங்கிட்டு வர்றான். இவ என்ன பாவம் பண்ணினா?"

"இவ கதாநாயகி."

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு. மறுநாள் திங்கள், முதுகுக் காட்சி. சனிக்கிழமை மாலை தில்மான் கொடுத்த படப்பிடிப்பு வேலைத்தாளின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: 'நாளை வீப்கேயின் பிறந்தநாள். முன்கூட்டி இன்றே வாழ்த்துவது நம் ஊர் நம்பிக்கைப்படி துரதிர்ஷ்டம். நாளை வாழ்த்துவது விதிமீறல்.'

லியாண்டர் பூரித்துப்போனார். "பிறந்தநாள் அன்னைக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கலைன்னா திங்கட்கிழமைக்குத் தனிமை பழுத்துத் தொங்கும்டா!" என்று தில்மானின் முதுகில் தட்டினார். ஞாயிறு முழுவதும் விடுதி அறையில் தம் திரைக்கதையைத் தாமே படித்து, அறுபத்தொன்றாம் பக்கத்தில் அழுதார்.

திங்கள் காலை வீப்கே வந்து மழைக்கோட்டை மாட்டினாள். கரையில் நின்றாள். காமிரா ஓடியது. முதுகு குலுங்கியது.

"அழறா!" என்று லியாண்டர் கிசுகிசுத்தார்.

"சிரிக்கிறா தம்பி" என்றாள் காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்த ரோஸ்விதா.

பதினான்கு முறை எடுத்தார்கள். பதினான்கு முறையும் முதுகு சிரித்தது. கலையுலகம் முகச்சிரிப்பைத்தான் அறியும். இவ்வளவு வெளிப்படையாகச் சிரித்த முதுகை அதுவரை யாரும் கண்டதில்லை. பதினைந்தாம் முறை அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

லியாண்டர் படக்குழுவை வேனுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். விசாரணைக் குழு கூடியது. தலைவர் அவரே, உறுப்பினரும் அவரே.

"என் தனிமையை யாரு கெடுத்தது? நேத்து அவ வீட்டுக்குப் போனது யாரு?"

தில்மான் கையைத் தூக்கினான். "வேலைத்தாள் குடுக்கத்தான் சார் போனேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணரைக்கு."

காமிராக்காரர் ஹென்னிங் தொண்டையைச் செருமினார். "நான் அந்தப் பக்கமா நடந்து போய்க்கிட்டிருந்தேன்."

"அவ வீடு நாலாவது மாடி!"

"ஆமா. நடக்கிறது உடம்புக்கு நல்லது."

"எத்தனை மணிக்கு நடந்தே?"

"மூணரைக்கு."

"அதென்ன எல்லாரும் மூணரை?" என்று லியாண்டர் கத்தினார்.

"நம்ம ஊருல ஞாயித்துக்கிழமை காப்பிக்கு மூணரைக்குப் போகாம வேற எப்பப் போறது?" என்றாள் ரோஸ்விதா. "நாம மட்டும்தான் திருட்டுத்தனமா போறோம்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுக்கிட்டு வந்தோம். ஒரு நிமிஷம் முன்னப்பின்ன வந்திருந்தாத் தப்பிச்சிருக்கலாம். பதினோரு பேரும் சரியா மூணரைக்கு மாடிப்படியில முட்டிக்கிட்டு நிக்கிறோம். எல்லார் கையிலயும் பூங்கொத்து, முதுகுக்குப் பின்னால. அவ கதவைத் திறந்து பாத்தா. அப்ப ஆரம்பிச்ச சிரிப்புதான் தம்பி, இன்னும் நிக்கல."

"அவ யாரையும் கூப்பிடவே இல்லையே!"

"கூப்பிடல. ஆனா வழக்கப்படி பிறந்தநாள்காரிதானே கேக் சுடணும்? சுட்டு, பன்னெண்டு துண்டு போட்டு வெச்சிருந்தா. யாரும் வரலைன்னா பக்கத்து வீடுகளுக்குக் குடுத்துக்கலாம்னு."

லியாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சீங்களா?" என்ற கேள்வி அவரையும் மீறி வெளியே வந்துவிட்டது.

"நாங்க பதினோரு பேரு. அவ ஒருத்தி. எண்ணின மாதிரி இருந்துச்சு" என்றார் ஹென்னிங்.

"நீங்க விதியை மீறவே மாட்டீங்கன்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை சார்" என்று தில்மான் ஆறுதல் சொன்னான்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காமிராவைத் திருப்பித் தர வேண்டும். லியாண்டர் கீழே இறங்கி, வீப்கேயின் மஞ்சள் கோட்டை வாங்கித் தாமே மாட்டிக்கொண்டார். "எப்படி நிக்கணும்னு காட்டறேன், பாத்துக்கோ!" கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றார்.

நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ மீன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வீப்கே மெதுவாக ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று காற்றில் கேட்கவில்லை. யாராவது 'கட்' சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார். 'கட்' சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பது ஏழு நிமிடம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஹென்னிங் காமிராவை ஓடவிட்டிருந்தார்.

'இரண்டாவது கோப்பை' இலையுதிர்கால விழா ஒன்றில் பரிசு வாங்கியது. நடுவர் குழு எழுந்து நின்று பாராட்டுரை வாசித்தது: 'அந்த இறுதி முதுகு! இத்தகைய தனிமையை எவராலும் நடிக்க முடியாது.' எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். "முறையான பயிற்சி, கடுமையான விதிகள்" என்றார் லியாண்டர். அரங்கில் ஏழாவது வரிசையில் வீப்கேயும் படக்குழுவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்கள். மனம் நெகிழ்ந்து அழுகிறார்கள் என்று நாளிதழ் எழுதியது.

ஜனவரியில் லியாண்டருக்குப் பிறந்தநாள் வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வழக்கப்படி அவரே கேக் சுட்டு, பன்னிரண்டு துண்டு போட்டு, மூன்றரை மணிக்குக் காப்பி வடித்து வைத்தார்.

பதினோரு துண்டு மீந்தது.