மாங் இமோவின் விதவை பஸ்ஸில் வருகிறாள்

மாங் இமோவை மேடையேற்றியே தீருவது என்று 'தங்க எருமை' ஆன்லைன் போக்கர் சீட்டாட்டக் கம்பெனி ஒற்றைக் காலில் நின்றது. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். மாங் இமோ என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

"ஆண்டு விழா, ஜோவென்! மனிலாவுல பெரிய ஓட்டல். 'தங்கத் தாத்தா' பட்டம் நம்ம பெரியவருக்குத்தான்!" என்று போனில் குதித்தாள் மிஸ் டாலியா. கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள். "புதுச் சட்டை தைக்கணும். அவரோட அளவு அனுப்பு."

ஜோவென் போனை வைத்துவிட்டு, சமையலறையில் மனைவி லிகாயாவின் முன்னால் போய் நின்றான்.

"அளவு கேக்குறாங்க."

"என்ன அளவு?"

"இமோவோட சட்டை அளவு."

லிகாயா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "உன் அளவையே குடு. முதுகு உன்னுதுதானே?"

முதுகு அவனுடையதுதான். தங்க எருமையில் மாங் இமோவின் குறியீட்டைப் போட்டு யார் சேர்ந்தாலும், அவர்கள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி பிடித்துக்கொள்ளும் பங்கில் ஒரு துண்டு ஜோவெனுக்கு வரும். சும்மா வா என்றால் எவன் வருவான்? அதனால் இமோ என்று ஒரு கிழவரை உண்டாக்கி, பெரியவர்களுக்கு மரியாதையாகப் போடும் 'மாங்' என்பதையும் முன்னால் சேர்த்தான். எழுபது வயது, ஜீப்னி மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர், போக்கரில் ஜெயித்து மாடி வீடு கட்டியவர். இணையத்தில் போடும் படத்துக்கு ஜோவெனே ஓலைத்தொப்பி மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்காருவான். 'என் கிழவி காபி போட்டுக் குடுத்தா, இன்னைக்கும் ஜெயிச்சேன்' என்று கீழே எழுதுவான்.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்து அவனுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதிய ஒன்று ஊரெல்லாம் சுற்றியது: 'தோத்தவங்க யாரும் கலங்காதீங்க. பாக்கோர் பக்கம் வந்தா என்னைப் பாக்காம போகாதீங்க. காபி உண்டு. விட்டதைப் பிடிக்கிற வழியும் சொல்லித் தரேன்.' அந்த ஒன்றுக்கு மட்டும் அறுநூறு பேர் சேர்ந்தார்கள். வீட்டு விலாசம் மட்டும் போடவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு விவரம் இருந்தது.

"பேசாம உண்மையைச் சொல்லித் தொலை," என்றாள் லிகாயா.

"சொன்னா கணக்கை மூடிருவாங்க. மூடினா மறுபடியும் தம்மாம்தான்."

 பதினோரு வருஷம் சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டியவன் ஜோவென். போன வருஷம் ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஓடிப்போய் மகளைத் தூக்கினான். ஒன்பது வயது டிவினா அலறிவிட்டாள். "கீழ விடுங்க சார்!" என்றாள்.  மூன்று மாதமாகத்தான் 'அப்பா' என்று கூப்பிடுகிறாள். இனி என்ன ஆனாலும் இந்த வீட்டை விட்டுப் போவதில்லை என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியமே செய்திருந்தான்.

அதனால் மிஸ் டாலியாவுக்குப் போன் போட்டு, மாங் இமோ வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்றான்.

"ஐயையோ! சரி, விழாவை அவர் வீட்டுக்கே கொண்டு வந்துடுறோம். கேமராவோட நாலு பேரு வர்றோம்."

"வேணாம் மேடம்! கால் மட்டும் இல்ல... நெஞ்சுல சளி. ஒட்டிக்கிற வியாதியாம்."

அன்று சாயங்காலமே கம்பெனி 'எழுந்து வா இமோ' என்று ஒரு பந்தயம் அறிவித்தது. மாங் இமோவின் குறியீட்டில் சேருகிறவர்களுக்கு முதல் தடவை போடும் பணம் இரட்டிப்பு. இரண்டே நாளில் ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் பெரியவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் மிஸ் டாலியாவே கூப்பிட்டாள்.

"கம்பெனி செலவுல டாக்டர் அனுப்புறோம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. விலாசம் சொல்லு."

ஜோவென் லிகாயாவைப் பார்த்தான். லிகாயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோவென் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாங் இமோவைக் கொன்றான்.

"போயிட்டாரு மேடம். இப்பதான். அரை மணி நேரம் ஆச்சு."

 மிஸ் டாலியா போனில் விசும்பினாள். நிஜமாகவே விசும்பினாள். ஜோவெனுக்கும் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷன், ஒருவரைத் திட்டி ஒரு வரி எழுதியவரா!

"ஜோவென், மனசைத் தேத்திக்கோ. ஒரே ஒரு விஷயம். ஒப்பந்தம் பெரியவர் பேர்லதானே இருக்கு? நீ அவருக்காகப் போன்ல பேசுற அண்ணன் மகன். அவ்வளவுதானே?"

"ஆமாங்க மேடம்."

"ஆயுளுக்கும் பங்குன்னு போட்டிருக்கு. அவரோட ஆயுளுக்கு. இனிமே வராது."

ஜோவென் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அழாத. சம்சாரம் இருக்காங்கல்ல, காபி போட்டுக் குடுப்பாங்களே, அந்தக் கிழவி? அவங்க பேருக்கு மாத்திடலாம். நாங்க சாவுக்கு வர்றோம். பெட்டிக்குப் பக்கத்துல வெச்சு ஒரு கையெழுத்து, ஒரு படம். அதோட நம்ம ஊர் வழக்கம் இருக்குல்ல? சாவு வீட்டுல சீட்டாடி, ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு குடும்பத்துக்கு எடுத்து வைக்கிறது? அதையே ஆன்லைன்ல நடத்துறோம். 'மாங் இமோவின் கடைசிக் கை'. எப்படி?"

"நல்லா இருக்குங்க மேடம்," என்றான் ஜோவென் செத்த குரலில்.

போனை வைத்ததும் லிகாயா கேட்டாள். "பொணத்துக்கு எங்க போவ?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் உண்டு. சாவு வீட்டுச் சீட்டாட்டத்தைப் போலீஸ் கண்டுகொள்ளாது. அதனால் சீட்டாட்டம் நடத்த ஆசைப்படுகிறவர்கள், சாவு இல்லாத நாளில் ஒரு சாவை வாடகைக்கு எடுப்பதுண்டு. வெளியில் யாரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஜோவென் சவப்பெட்டிக் கடை கார்டிங்கிடம் போனான்.

"எத்தனை நாளைக்கு?" என்றான் கார்டிங், சைக்கிள் வாடகைக்கு விடுகிற மாதிரி.

"ஒரே ஒரு மத்தியானம். எழுபது வயசு ஆம்பளை வேணும்."

"யோகக்காரன்யா நீ. ஒருத்தர் இருக்காரு. மூணு வாரத்துக்கு முன்னாடி நம்ம பாக்கோர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்த வாக்குலயே போயிட்டாரு. மாரடைப்பு. போனு, பர்ஸு எல்லாத்தையும் எவனோ அடிச்சிட்டான். கேட்டு ஒரு ஆள் வரல. மருந்து ஏத்தி அப்படியே வெச்சிருக்கேன். பாக்கறியா?"

"வேணாம், வேணாம். ஆள் இருந்தா போதும்."

கார்டிங் வாடகை ரசீது எழுதத் தொடங்கினான். இரண்டு நாளாக ஜோவென் சரியாகச் சாப்பிடவில்லை. மேசைமேல் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பொட்டலம், கொஞ்சம் பிரிந்து கிடந்தது. உள்ளே உலர்ந்த மாங்காய்த் துண்டுகள். ஒன்றை எடுத்து வாயில் போட்டான். வெயில் மணத்துடன் தித்திப்பாக இருந்தது. இன்னொன்றையும் போட்டான்.

"நல்லா இருக்கே. எங்க வாங்கின?"

"நான் எங்க வாங்கினேன்? அவரு பையில இருந்துச்சு."

ஜோவென் பாதி மென்றதை அப்படியே வைத்துக்கொண்டு விழித்தான். துப்புவதற்கு அங்கே இடம் இல்லை. விழுங்கினான்.

மறுநாள் மத்தியானம் கார்டிங்கின் கூடத்தில் சாவு களைகட்டியது. கண்ணாடி மூடி போட்ட பெட்டி. மேலே ஜோவெனின் ஓலைத்தொப்பி. வலப்பக்கம் கம்பெனி அனுப்பிய ஆளுயர மலர்வளையம், ஸ்பேட் ஆசு வடிவத்தில். இரண்டு வரிசை மேசையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் வந்தால் அதிகம் என்று ஜோவென் நினைத்திருந்தான். முன்னூறு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் மாங் இமோவின் குறியீட்டில் சேர்ந்து, கம்பெனி போனில் அனுப்பிய சாவுச் செய்தியில் விலாசம் பார்த்து வந்தவர்கள்.

வங்கி வாசலில் காவல் நிற்கிற ஒருவர் ஜோவெனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவரை நம்பித்தான் தம்பி ஆட வந்தேன். என் பைக் போச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருந்தது போச்சு. ஆனா ஒரு நாளும் இவரை நான் குத்தம் சொன்னதில்ல. பொறுமையா ஆடுங்கன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் பொறுமை இல்ல."

அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு முடிதிருத்துபவர், தாதி வேலை பார்க்கும் ஒரு பெண். ஒவ்வொருவரும் தோற்றதைச் சொல்லி, அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.  இத்தனை நாளும் இவர்கள் ஜோவெனுக்குத் திரையில் ஏறுகிற எண்கள். எண்ணுக்கு முகம் இருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை. எங்காவது போய் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அதற்குள் மிஸ் டாலியா வந்துவிட்டாள்.

"விதவை எங்க?"

"பஸ்ல வந்துகிட்டிருக்காங்க மேடம். சொந்த ஊருக்குப் போயிருந்தாங்க."

அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாள்.

"வழியில டயர் வெடிச்சிருச்சாம் மேடம்."

"நாலு மணிக்கு நான் கிளம்பணும் ஜோவென். கையெழுத்து இல்லாம போனா கணக்கு இன்னைக்கே மூடிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஜோவென் லிகாயாவைத் தனியாக இழுத்துப் போனான். "ஒரு வெள்ளை முடி வெச்சுக்கிட்டு நீயே வந்து நில்லேன்."

"செருப்பு பிஞ்சிரும். எனக்கு முப்பத்தாறு வயசு. பொணம் எந்திரிச்சு சிரிக்கும்."

மணி நாலுக்குப் பத்து நிமிஷம். வாசலில் ஒரு பெரிய மனுஷி வந்து நின்றாள். அறுபதுக்கு மேல் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு துணிப்பை, பஸ் தூசி படிந்த பாவாடை. "மாங் இமோ சாவு வீடு இதுதானா?" என்று யாரையோ கேட்டாள்.

அந்தக் குரல் ஜோவென் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மாதாவே அனுப்பி வைத்த மாதிரி! பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து, காபிக் கெண்டி வைத்திருந்த மேசைக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"எங்கேருந்து வர்றீங்கம்மா?"

"சம்பாலெஸ். கடற்கரை. நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன் தம்பி. இப்ப அவரே செத்துட்டாரு, யாரைக் கேக்குறதுன்னே தெரியல..."

"அப்பறம் கேளுங்க, எல்லாத்தையும் நான் சொல்றேன். முதல்ல ஒரு உதவி. பத்தே நிமிஷம். அவரோட சம்சாரமா நீங்க நிக்கணும்."

"நானா?"

"சத்தியமா யாருக்கும் கெடுதல் இல்லம்மா. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. இது நடக்கலேன்னா நான் மறுபடியும் கடல் தாண்டிப் போகணும். அவ என்னை மறந்துருவா." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை.

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆம்பளை வீட்டை விட்டுப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி. நீ போகாத," என்றாள். பிறகு, "என்ன பண்ணணும்?"

"பெட்டிகிட்ட நின்னு கொஞ்சம் அழுவுங்க. கண்ணீர் கண்ணாடி மேல விழாம பாத்துக்குங்க, அது ஆகாது. யாராவது கேட்டா, பேரு இமோ, கல்யாணம் ஆகி நாப்பது வருஷம். அது போதும். அப்பறம் ஒரு கையெழுத்து."

கேமராக்காரன் தயாரானான். மிஸ் டாலியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். "விதவை வந்தாச்சு," என்று கூடம் முழுக்கக் கிசுகிசுப்பு ஓடியது. ஜோவென் அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவள் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. துணிப்பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கண்ணாடியில் படிந்திருந்த மூச்சு ஆவியை தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"அழுவுங்கம்மா," என்று கிசுகிசுத்தான் ஜோவென்.

அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு தம்பி. நாப்பது வருஷம் இல்ல, முப்பத்தெட்டு. பேரு இமோ இல்ல, சிரிலோ. ஆடி ஆடிப் படகைத் தோத்துட்டு, மீக்குற வழியை மாங் இமோகிட்டயே கேட்டுட்டு வரேன்னு மூணு வாரத்துக்கு முன்னாடி பஸ் ஏறினாரு. பெரிய மனுஷனைப் பாக்க வெறுங்கையோட போகக்கூடாதேன்னு, சிவப்பு ரிப்பன் கட்டி, உலர்ந்த மாங்காய் குடுத்து விட்டேன். அது மாங் இமோ கைக்குப் போய்ச் சேந்துச்சா?"