ஜூம் சாரும் தொண்ணூற்றாறு ஞாயிற்றுக்கிழமைகளும்

கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரை நம்பாதவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆனால் தன் சொந்தக் கண்கள் இரண்டையும் நம்பாத மனிதர், எனக்குத் தெரிந்து, சென்னை மாநகரத்திலேயே ஒருவர்தான். எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஜூம் சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கரண்ட் பில்லில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதை விசாரித்ததில்லை.

எதைக் காட்டினாலும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். முதல் மாடிப் பெண் ஒருநாள் தன் கைக்குழந்தையின் படத்தை ஃபோனில் காட்டினாள். வேறு யாராக இருந்தாலும் "அப்படியே அப்பா ஜாடை" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர் இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்து, குழந்தை மறைந்து கண்கள் மட்டும் மிஞ்சும்வரை பெரிதாக்கினார். முகம் வாடிப்போயிற்று.

"என்ன சார்?" என்று அவள் பதறினாள்.

"வலது கண்ணு பரவாயில்லை. இடது கண்ணு அவ்வளவு ஷார்ப்பா இல்லியேம்மா."

அன்று சாயங்காலமே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, சொன்னவரை ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றாராம் டாக்டர்.

பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஐந்து நாளும் அங்கே கண்டுபிடித்தது போக மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. புதிதாக ஒன்று வாங்க ஆசை. அவர் ஆசைப்பட்ட அதே மாடலை அடையாறில் இருந்த மச்சினர் வாங்கி, பொத்தான்களைப் பார்த்து மிரண்டு, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். நீங்களும் நானுமாக இருந்தால் அதை இரவல் வாங்கி, இரண்டு கேமராவிலும் நாலு படம் எடுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம். ஜூம் சாரும் அதைத்தான் செய்தார். செய்துகொண்டே இருந்தார். ஏறக்குறைய இரண்டு வருடம்.

இது வெறும் கேமரா விவகாரமாக இருந்தால் உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். தெருவோரம் உட்கார்ந்து சாவி போட்டுப் பிழைத்த ஒருத்திக்கு அந்த இடம் நிலைக்குமா, பறிபோகுமா என்ற கேள்வி கடைசியில் இவருடைய கிறுக்குத்தனத்தின் முன்னால்தான் வந்து நின்றது.

அவள் பெயர் தேவகி. எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே நடைபாதையில் ஒரு பெரிய குடை, ஒரு ஸ்டூல், வரிசையாக ஆணியடித்த ஒரு மரப்பலகை. பலகை நிறையச் சாவிகள் தொங்கும். புருஷன் செய்த தொழில். அவருக்குக் காலில் அடிபட்டதும் அரத்தை இவள் கையில் எடுத்தாள். அவர்களுடைய ஆற்றங்கரை வீட்டை அரசாங்கத்தில் காலி பண்ணவைத்து ஊர்க் கோடியில் குடிவைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து காலை ஏழு மணிக்கெல்லாம் குடையை விரித்துவிடுவாள்.

"ஷார்ப்னெஸ் டெஸ்டுக்கு இதைவிட நல்ல சப்ஜெக்ட் உலகத்துலயே கிடையாது சார்" என்றார் ஜூம் சார் என்னிடம். "எத்தனை சாவி! ஒவ்வொண்ணுக்கும் எத்தனை பல்லு! பல்லு பல்லாத் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறுக்கு ஸ்கூட்டரில் போய் மச்சினரின் கேமராவை வாங்கி வருவார். ஏழரைக்கு வைபவம் ஆரம்பம். கேமராவை நிறுத்தும் முக்காலி நூலிழைகூட நகரக் கூடாதென்று கேட் ஓரமாகச் சிமெண்ட் தரையில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று புள்ளி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, மெட்ரோ ரயிலுக்குத்தான் அளந்து குறி போட்டிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு கிளம்பியது. எங்கள் சங்கச் செயலாளர் ராவோடு ராவாக நாலு பக்கத்துக்கு ஓர் ஆட்சேப மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ஜூம் சாரும் போட்டார்.

"புள்ளி வெச்சதே நீங்கதானே சார்?" என்று தனியாகக் கேட்டேன்.

"அது வேற விஷயம் சார். நாளைக்கே நெஜமா மெட்ரோ வந்துட்டா? தரை அதிரும். படம் ஆடிடும்."

படம் எடுக்கும்போது கேட்டைத் திறக்கக் கூடாது. வாட்ச்மேன் இருமக் கூடாது. பால் வண்டி வந்தால் அது தெருமுனை திரும்பும்வரை எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும். பழையதில் பன்னிரண்டு படம், புதியதில் பன்னிரண்டு. பிறகு மாடிக்குப் போய், பலகையின் நட்டநடுவே தொங்கும் ஒரு பித்தளைச் சாவியைப் பெரிதாக்கி, இரண்டு கேமராவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை பார்ப்பார். ஒருநாள் என்னையும் பிடித்து உட்காரவைத்தார். திரையில் இரண்டு மஞ்சள் மலைத்தொடர்கள் தெரிந்தன.

"எது பெட்டர்? யோசிச்சு சொல்லுங்கோ."

யோசித்துவிட்டு, "இடது பக்கம்" என்றேன்.

"ரெண்டும் ஒரே படம். உங்களை டெஸ்ட் பண்ணினேன்."

அவருடைய மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "கேட்டேளா அண்ணா, ஞாயித்துக்கெழமைன்னா எங்காத்துல தோசை ஆறிண்டிருக்கும், இவர் சாவியப் பாத்துண்டிருப்பார். ஆத்துச் சாவிய எங்க வெச்சேள்னு கேட்டா மட்டும் தெரியாது."

அந்தப் பித்தளைச் சாவிக்கு வந்த வாழ்வைச் சொல்ல வேண்டும். "அம்மா, நடு ஆணில இருக்கே, அத மட்டும் யாருக்கும் வித்துடாதீங்க. அதுதான் என்னோட ரெஃபரன்ஸ்" என்று தேவகியிடம் கெஞ்சி வைத்திருந்தார்.

"இன்னா சார் நீ? அத விக்காம வெச்சுக்கினு பூசையா பண்ணச் சொல்ற?" என்றாள் அவள். "அது சரி, வாரா வாரம் வந்து அந்தச் சாவியவே போட்டா புடிச்சிக்கினு கீறியே, பக்கத்துலயே ஒரு பொம்பள குந்திக்கினு கீறாளே, அவள ஒருவாட்டி புடிச்சா இன்னா கொறஞ்சு பூடும்?"

ஜூம் சார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க ஃபோகஸ்லயே இல்லம்மா. கொஞ்சம் ஓரமா நகர்ந்து உக்காருங்க. உங்க நிழல் சாவி மேல விழுது."

"நல்லா வந்துச்சு நியாயம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூலை இழுத்து ஓரத்துக்குப் போனாள். அதன்பின் ஞாயிறு காலை என்றால் தானாகவே நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு வாரமும் ஜூம் சாரின் தீர்ப்பு ஒன்றுதான்: "ரெண்டு கேமராவுக்கும் வித்தியாசமே தெரியலை சார். எதுக்கும் அடுத்த வாரமும் பாத்துடலாம்."

இப்படியிருக்கும்போது நடைபாதையைப் புதிதாகப் போடப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை இருந்தால் புது நடைபாதையிலும் இடம் உண்டு. கணக்கெடுக்க வந்த அன்றைக்குத்தான் தேவகி புருஷனைக் காலில் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். பெயர் விட்டுப்போயிற்று. வார்டு ஆபீசில் போய் நின்றபோது, அங்கே உட்கார்ந்து தொழில் செய்ததற்கு ஆதாரம் வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லிவிட்டார்கள்.

"சாவி போட்டுக்கினு போறவன் எவன் சார் என்கிட்ட ரசீது கேட்டான்?" என்றாள் கேட்டருகே வந்து. தெருவுக்கே கேட்கும் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இந்த எடமும் பூட்ச்சின்னா நான் எங்க சார் போயி குந்துவேன்?"

நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாவது மாடிக்கு ஓடினேன். "சார், உங்க படத்துல தேவகி இருப்பாளே!"

"எப்படி இருப்பா? நான் சாவியைத்தானே எடுத்தேன்?" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார்.

இருந்தாள். எல்லாப் படத்திலும் இடது பக்க மூலையில், இவர் நகரச் சொன்ன அதே ஓரத்தில் இருந்தாள். பழைய கேமராவின் படத்தைப் பெரிதாக்கினார். நடுவில் சாவியின் பல் துல்லியமாக இருந்தது. மூலைக்குப் போகப் போக எல்லாம் கரைந்து, அவள் முகம் ஈரத்துணி பட்ட கோலமாக இருந்தது. அதைக் காட்டி என்னைக்கூடத் தேவகி என்று சொல்லலாம்.

பிறகு மச்சினர் கேமராவின் படத்தைத் திறந்து, மூலையைப் பெரிதாக்கினார். அப்படியே நின்றுவிட்டார். தேவகியின் மூக்குத்தி தெரிந்தது. நெற்றியில் பறந்த முடி தெரிந்தது. டிபன் பாக்ஸ் மூடியில் பொறித்திருந்த பெயர் தெரிந்தது. குடைக்குப் பின்னால் எங்கள் தெருவின் பெயர்ப்பலகையும் பளிச்சென்று இருந்தது.

"ரெண்டு வருஷமா நடுவையே பாத்துண்டிருந்துட்டேனே சார்" என்றார் மெதுவாக. "வித்தியாசம் மூலையிலதான் இருந்திருக்கு."

இனி கேமராவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறார் என்று பயந்தேன். அவர் பேசவில்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று அவள் முகத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் லீவு போட்டார். நாங்கள் மூன்று பேரும் லேப்டாப்போடு வார்டு ஆபீசுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். முதல் படத்தைப் பார்த்ததுமே, "போதும் சார், தெளிவா இருக்கு" என்றார்.

"மேடம், ஒரு படத்தை வெச்சு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. தொண்ணூத்தாறு வாரம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் தேதியோட. வாரத்துக்குப் பன்னெண்டு."

"ஐயோ, வேலை கிடக்கு சார்."

"அப்ப வாரத்துக்கு ஒண்ணு பாருங்கோ."

அவரிடமிருந்து யாராலும் தப்ப முடியாது. அந்த அம்மாள் பார்த்தார். மழைக் கோட்டோடு தேவகி, காய்ச்சலில் தலையில் துண்டு சுற்றிய தேவகி, பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையில் கரை தெரிய உட்கார்ந்த தேவகி. ஒன்றில் கண்கள் வீங்கியிருந்தன. "அவருக்குக் கால்ல மறுபடி ஆபரேசன் ஆயி ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்த வாரம்மா" என்றாள் தேவகி. "அன்னிக்கும் வந்தேனா நான்? எனக்கே நெனப்பு இல்ல."

அந்த அம்மாள் பதிவேட்டை இழுத்து, "முழுப் பேரு சொல்லும்மா" என்றார்.

வெளியே வந்ததும் தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், நீ என்னியப் பாக்கவே இல்லன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெருமையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருப்பார்கள். ஜூம் சாருக்குப் பொய் வராது. "நீங்க நெனச்சது சரிதாம்மா. நான் பாக்கலை. கேமராதான் பாத்துது" என்றார். சொல்லும்போது அவருடைய முகம் அழுகிற குழந்தையின் முகமாக இருந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுக்ககத்து மனிதர்கள் அதையெல்லாம் செய்வதில்லை என்பதால் ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே புதுக் கேமரா வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முக்காலி இல்லாமல் கீழே இறங்கி வந்தார். தேவகியையும், அன்றைக்கென்று ஆட்டோவில் வந்திறங்கிய அவள் புருஷனையும் நடுவில் நிறுத்தி எடுத்தார். பிறகு வாட்ச்மேன், முதல் மாடிக் குழந்தை, தெருவில் போனவர்கள் வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. என்னையும் எடுத்தார்.

ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று போன வருடம் பெருங்குடிக்கே குடிபோய்விட்டார். நடைபாதை புதிதாகிவிட்டது, தேவகி புதுக் குடையின் கீழே உட்கார்ந்து தெருவுக்கே கேட்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். அன்று எடுத்த என் படத்தை ஜூம் சார் போகும்போது சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கன்னத்தில் இருக்கும் அம்மைத் தழும்பு, சவரத்தில் விட்டுப்போன மூன்று முடி, பல்லில் மாட்டிய கறிவேப்பிலை எல்லாம் அதில் துல்லியமாக இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், வேறு நல்ல படமாக மாட்டுங்களேன் என்று என் மனைவி சொல்லிப் பார்த்துவிட்டாள். என்னை அத்தனை அக்கறையாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. அது ஹாலில்தான் இருக்கும்.