வேன் வாசலில் ஒரு சாமியானா

சங்கரன்கோவில்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை இஸ்ரேல் அவர்களுக்கு,

உம்முடைய அத்தான் பிரபுதாஸ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தின் தலையில் எல்லோரும் போடுகிற மரியாதை வாக்கியம்தானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். முக்கியமான செய்தியே அதுதான். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று முறை போன் செய்தேன். செத்தவன் நம்பரிலிருந்து அழைப்பு வருகிறதே என்று நீர் எடுக்கவில்லை போலிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி நீர் போட்ட இரங்கல் செய்தியைப் படித்தேன். நன்றாக இருந்தது. 'சற்றுப் பிடிவாதக்காரர்' என்ற இடத்தை மட்டும் எடுத்திருக்கலாம். கோயம்புத்தூரில் இருந்தபடியே எங்கள் பூ மார்க்கெட்டுக்குச் சொல்லி நீர் அனுப்பிய ஆளுயர மாலையும் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீர்தான் உம்முடைய அக்காள் ஜெயபாயிடம் எனக்காகப் பேச வேண்டும். என் வேனை உமக்குத் தெரியும். 1986ஆம் வருடத்து வண்டி, ஒரு காலத்தில் கண் சிகிச்சை முகாமுக்கு ஊர் ஊராகப் போனது. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு அதை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்தேன். 'ரிட்டயர் ஆனதும் ஊர் சுற்றுவோம்' என்று சொல்லிச் சொல்லியே முப்பத்து நான்கு வருடம் அவளை வீட்டிலேயே உட்கார வைத்தவன் நான். அவள் கேட்டது ஒன்றுதான். "மணப்பாட்டுக் கடற்கரையில நிப்பாட்டுனா, வெளிய உக்காந்து ஒரு காப்பி குடிக்க நிழல் வேணும். தகரத்துக்குள்ள கெடந்து நான் வேக மாட்டேன். நிழல் இல்லன்னா வேன வித்துருங்க" என்றாள்.

எங்கள் மகன் ஜோஷுவா பெங்களூரிலிருந்து இன்டர்நெட்டில் படம் அனுப்பினான். வேன் கூரையின் ஓரத்தில் நீளமான பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் அதிலிருந்து துணி நீண்டு வரும், அதன் கீழே ஒரு வெள்ளைக்காரரும் அவருடைய நாயும். பெட்டியின் எடை முப்பது கிலோ. என் வேனின் கூரை முறுக்கு டப்பா மூடி கனம்கூட இருக்காது. அதைத் துளைபோட்டு மாட்டினால் மழை உள்ளேதான் பெய்யும் என்று மறுத்துவிட்டேன். பிறகு கடையநல்லூர் ரிபாயியைப் பிடித்தேன். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கார் நிறுத்துமிடங்களுக்குக் கூடாரம் போட்டவர், இப்போது இங்கே தார்ப்பாய் தைக்கிறார். அவர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், துளையே போடாண்டாம். கூரை ஓரத்துல தண்ணி வடியுத காடி இருக்குல்லா, அதுல நாலு கிளாம்பு போட்டு ஒரு பைப்ப மாட்டிருவோம். வேணும்னா இறக்கிக்கிடலாம், வேண்டாம்னா பைப்புல சுருட்டிக்கிடலாம்" என்றார். மனுஷனுக்கு மூளை இருக்கிறது.

துணி எடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு மூளை இல்லாமல் போயிற்று. ஜெயபாய் சாதாப் பச்சை கேட்டாள். நான் மூன்று துணிகளை வெயிலில் விரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் தெர்மாமீட்டரை வைத்து அரை மணி நேரம் சோதித்தேன். சாமியானாத் துணிதான் ஜெயித்தது, பச்சையைவிட நான்கு டிகிரி குறைவு. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக, ஓரத்தில் தொங்கல் வைத்தது. "சார், இது பந்தல் துணியாச்சே" என்று ரிபாயி இழுத்தார். "வே, வெயிலுக்கு எது பந்தல், எது வேன்னு தெரியுமா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். முதல்நாள் பைப்பைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் மாட்டிவிட்டார்கள். காம்பவுண்டு சுவருக்கு நல்ல நிழல் கிடைத்தது. மறுநாள் மாற்றி மாட்டியதும் ஆனி மாதக் காற்று துணியை அதன் இரண்டு கம்புக் கால்களோடு தூக்கி, உம்முடைய அக்காள் காயப்போட்டிருந்த கூழ்வற்றல் மேல் போட்டது. அதற்கப்புறம் இரண்டு பெயின்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி, கால்களை அதில் நட்டோம்.

வியாழக்கிழமை பகல். தெருவோரம் வேனை நிறுத்தி நிழலை விரித்தாயிற்று. அதன் கீழே எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்கெடுக்க சர்ச்சிலிருந்து பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து போட்டேன். பதினான்கு கொள்ளும். அந்தத் திருப்தியில் வேனுக்குள் கட்டிலில் சாய்ந்தேன். வெள்ளை வேட்டி, ஈத்தொல்லைக்கு முகத்தில் வெள்ளைத் துண்டு. கட்டில் என்னைவிட அரையடி குட்டை என்பதால் கால் இரண்டும் பின்கதவுக்கு வெளியே. உம்முடைய அக்காள் நாற்காலியில் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்த தெரு பரமசிவன் மொபெட்டில் வந்தவர் இவ்வளவையும் பார்த்தார். சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலில் நின்று யாராவது 'என்ன ஆச்சு' என்று கேட்பார்களா? செருப்பைக் கழற்றி, என் காலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஊருக்குச் சொல்லப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் பதினான்கு நாற்காலியும் நிறைந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஜெயபாயோ, எல்லோரும் புது நிழலைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். "நல்லா குளுகுளுன்னு இருக்குல்லா? அவுக ஆசப்பட்டுப் போட்டது" என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நான்கு பேர் தேம்பியிருக்கிறார்கள். பாடகர் குழு சுந்தரம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக் காதில் ஏதோ கேட்டாளாம். அதிலிருந்து அக்காளின் முகம் சுண்டிப்போயிற்று. என்ன கேட்டாள் என்பதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து சர்ச்சில் மரண மணி அடித்தது. நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, துண்டை விலக்கி, "யாருக்குவே மணி அடிக்கு?" என்று கேட்டேன். சுந்தரம்மாள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். வாளி கவிழ்ந்தது. கால் சரிந்தது. பாஸ்டர் உட்பட அத்தனை பேர்மேலும் சாமியானா விழுந்தது. கிளாம்பு நான்கும் அசையவில்லை என்பதை ரிபாயிக்கு நான் சொல்லியே ஆகவேண்டும்.

அன்றிலிருந்து அக்காள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "துணிய அவுத்துப் போடுங்க. வேன வித்துருங்க" என்பதோடு சரி. அடுத்த வாரம் சிவகிரியிலிருந்து ஒருவர் வேனைப் பார்க்க வருகிறார். மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. வேன் போவதற்காக அல்ல. அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கும் வேனோடு போய்விடும். நீர் சொன்னால் கேட்பாள், பேசும். ஹெப்சிக்கும் சின்னவள் ரெனிக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உமக்கு நீண்ட ஆயுசைத் தருவாராக. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பாராக.

இப்படிக்கு,
இன்னும் உம்முடைய அத்தான்,
பிரபுதாஸ்.

பி.கு.: நீர் ஒன்றும் பேச வேண்டாம். இதை ஒட்டப் பசை தேடி வெளியே வந்தால், அக்காள் பெட்டியோடு வேனில் உட்கார்ந்திருக்கிறாள். "ரிட்டயர் ஆன பெறவு ஒன்ன எங்கயாவது கூட்டிட்டுப் போனாரான்னு சுந்தரம்மா கேட்டா. எனக்குச் சொல்லுததுக்கு ஒரு ஊரு இல்ல. ரெண்டு நாளா யோசிச்சும் இல்ல. நாளைக்கு நெசமாவே மணி அடிச்சா நான் என்ன சொல்லுவேன்? ஏறுங்க" என்றாள். ஏறிவிட்டேன். உம்முடைய மாலையை எறிய மனமில்லாமல் வேன் முகப்பில் அவளே கட்டினாள். வழிநெடுக பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், இந்த வேன் இவ்வளவு வேகமாக எங்கும் போனதில்லை. இது மணப்பாட்டிலிருந்து எழுதுவது. கடலைப் பார்க்க நிழலை விரித்து இரண்டு நாற்காலி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வலை உலர்த்திக்கொண்டிருந்த மூன்று பேர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தலைகுனிந்து மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயபாய் அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போடுகிறாள்.