மீனுக்கு லீவு

வளைகுடாவில் லீவுக்காகச் சண்டை போடாத தமிழன் கிடையாது. ஆனால் மீனுக்கு லீவு கேட்டுச் சண்டை போட்ட ஒரே பிறவி எங்கள் மீசை அண்ணன்தான்.

அவருக்கு மீசை கிடையாது. மீசை, அவர் வளர்த்த மீனுக்கு. ஸ்டர்ஜன் என்று பெயர். செதில் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக எலும்புத் தகடு. தலைக்கு அடியில் பல்லில்லாத வாய், அதற்கு முன்னால் நான்கு மீசை. இதன் முட்டையைத்தான் பணக்காரர்கள் சின்னக் கரண்டியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறார்கள்.

குளிர்நாட்டு மீனை எதற்காக அபுதாபிப் பாலைவனத்தில் கொட்டகை போட்டு வளர்க்கிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. சவுதியில் ஜுபைலில் ஏசி மெக்கானிக்காக இருந்த என்னை, தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள அங்கே கொண்டுவந்தார்கள். மீன் ஜம்மென்று குளிரில் கிடக்கும். எங்கள் ரூம் ஏசி தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருக்கும்.

அண்ணன் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். விவரம் தெரிந்த நாள் முதலாக மீனைப் பிடித்தவர். வளர்ப்பது இதுதான் முதல் தடவை. "கொல்லாம மீன வச்சு என்னலே செய்ய?" என்று முதல் வாரம் முழுக்க விழித்தார். அடுத்த வாரமே மீன்களோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

பண்ணைக்கு ஒரு இரானிய மீன் டாக்டர் வருவார். அரைகுறை ஹிந்தியில் இந்த மீனின் ஜாதகத்தை ஒருநாள் அண்ணனுக்குச் சொன்னார். அண்ணன் என்னிடம் ஓடிவந்தார்.

"கேட்டியாலே மக்கா? இது கடல்ல கெடக்குமாம். முட்டையிட ஆத்துக்குப் போவுமாம். இட்டுட்டு பெறவும் கடலுக்கே வந்துருமாம். அதும் வருசா வருசம் கெடையாது, எடையில விட்டு விட்டுத்தான் போவுமாம். இது நம்ம காண்ட்ராக்ட்டுல்லா?"

எங்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர் லீவு. அண்ணன் நேரே மேனேஜர் ரூமுக்குப் போனார். "சார், மீனுக்கு லீவு எப்போ?"

மலையாளி மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "தனிக்கு வட்டாணோ?" பைத்தியமா என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த மீனின் சொந்த ஆற்றில் அணை கட்டி வழியை அடைத்துவிட்டார்கள். முட்டைக்காகத் திருட்டுத்தனமாகப் பிடித்துப் பிடித்து இனமே தீரப்போகிறது. அதனால் ஒரு தொட்டிக் குஞ்சுகளை விமானத்தில் அனுப்பி, அணைக்குக் கீழே ஆற்றில் விடப்போவதாக டாக்டர் சொன்னார். அண்ணன் என் முதுகில் ஓங்கி அடித்தார். "லீவு பாஸாயிட்டுலே!"

ஆக்சிஜன் அடைத்த பைகளில் குஞ்சுகளை இறக்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ஊருக்குப் போகிறவன் பெட்டி மாதிரியே நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். மார்க்கரை எடுத்துத் தன் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"அண்ணே, இது உங்க வீட்டுக்குப் போற பெட்டி இல்லண்ணே!"

"பேரு எழுதாம பொட்டி எப்பிடிலே போய்ச் சேரும்?"

எனக்கே ஒரு நிமிஷம் குழப்பமாகிவிட்டது.

காலியான தொட்டியை அவர் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தார். புதுக் குஞ்சுகள் வரப்போகின்றன, அதில்தான் விட வேண்டும் என்றார் மேனேஜர். அண்ணன் குறுக்கே நின்றுவிட்டார்.

எங்கள் கேம்ப்பில் ஒரு சட்டம் உண்டு. லீவில் போனவன் கட்டிலில் அடுத்தவன் படுக்கக்கூடாது. படுத்தால் அடிதடிதான்.

"லீவு முடிஞ்சு வாரவன் எங்க சார் படுப்பான்?"

"நாளைக்குள்ள தொட்டிய விடல, உனக்கு விசா கேன்சல். கலாஸ்!"

நான் கெஞ்சிப் பார்த்தேன். "வேல போயிரும்ணே." மனுஷன் அசையவில்லை. மறுநாள் புதுக் குஞ்சுகள் வேனில் வந்து நின்றன. வெயிலில் அதிக நேரம் தாங்காது. கூடவே வந்த டாக்டர் அண்ணனைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். குஞ்சுகள் வளர்ந்து ஆளாகவே பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும். வரும், ஆனால் விட்ட ஆற்றுக்குத்தான் வரும்.

"அப்போ எங்கிட்ட வராதா?"

"நஹி, பாய்."

அண்ணன் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக் குளிர் பார்த்தார். பிறகு அவரே புதுக் குஞ்சுகளைத் தூக்கிவந்து இறக்கினார். "லேய், இது உங்க எடம் இல்ல, கேட்டியளா? ஆளு லீவுல போயிருக்கு. சும்மா இருந்துட்டுப் போங்க."

அடுத்த வருஷம் நான் லீவில் ஊருக்கு வந்தேன். இங்கேயே ஒரு வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். வெகுநாள் கழித்து கேம்ப்புக்குப் போன் போட்டபோது ரூம்காரன் புலம்பினான். என் கட்டிலை மீசை அண்ணன் இன்னும் ஒருத்தருக்கும் விடவில்லையாம். வாரம் தவறாமல் விரிப்பைத் துவைத்துப் போடுகிறாராம்.

"அண்ணன்கிட்ட குடுக்கவா? நீங்களே சொல்லிருங்க, வரமாட்டேன்னு" என்றான்.

அண்ணன் வந்து போனை வாங்கி, "மக்கா, எப்போலே வாற?" என்றார்.

"வர்றேண்ணே" என்றேன்.