மான்களிடம் வாங்கிய சம்மதம்

எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பது என்று அரசு கொள்கையளவில் முடிவெடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கொள்கையளவு என்பது எத்தனை முழம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூங்காவுக்கு அலுவலகம் திறந்தார்கள், இயக்குநரைப் போட்டார்கள், அவருக்கு ஏசி அறையும் கொடுத்தார்கள். பூங்கா மட்டும்தான் பாக்கி. அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஆகவே இந்த விவகாரத்தின் ஒவ்வொரு காகிதத்துக்கும் என்னிடம் ஒரு நகல் உண்டு.

பூங்கா வந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருந்தவர் ஒருவர்தான். அவர் என் தங்கையின் வீட்டுக்காரர், அந்தக் காட்டின் ஒரே காவலர். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகக் காவலர். ஊரே அவரைத் தற்காலிகம் என்றுதான் கூப்பிடும். “தற்காலிகம் வீட்டுக்கு வந்தாச்சா?” என்று என் தங்கையிடமே கேட்பார்கள். பூங்கா அறிவிக்கப்பட்டால் அவர் வேலை நிரந்தரம். இந்த வருஷம் முடிவதற்குள் அறிவிக்கப்படாவிட்டால் காடு பிளைவுட் கம்பெனிக்குப் போய்விடும், காவலர் வீட்டோடு வந்துவிடுவார். இரண்டில் எதை நினைத்து என் தங்கை அதிகம் பயந்தாள் என்று சொல்ல முடியாது.

அரசியல் போராட்டத்துக்குக் குறைவில்லை. ஆளுங்கட்சி பூங்கா வேண்டும் என்றது, எதிர்க்கட்சி கூடாது என்றது. தேர்தல் நடந்து எதிர்க்கட்சி ஆளுங்கட்சி ஆனதும் அது வேண்டும் என்றது, இது கூடாது என்றது. மூன்று தடவை இப்படி ஆயிற்று. இரண்டு தரப்புப் பேச்சுக்கும் நகல் எடுத்தது என் கடையில்தான். கடைசியில் புதிதாக எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். “நம்ம பழைய ‘கூடாது’ பேச்சு அவங்ககிட்ட இருக்கு, அதுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்க” என்று, ஆட்சி போன மறுநாளே அமைச்சரின் உதவியாளர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்.

இதற்கிடையில் இயற்கை மோகம் வேறு பிடித்துக்கொண்டது. அமைச்சர் பச்சைச் சட்டைக்கு மாறினார். மறுவாரமே எதிர்க்கட்சித் தலைவர் அதைவிட அடர்ந்த பச்சையில் வந்தார். துணிக்கடையில் வேறு நிறமே கிடைக்கவில்லை. வாசலில் நின்ற மரத்தை வெட்டிவிட்டு, மரம் படம் போட்ட பனியனோடு திரிந்தவர்களை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வருஷம் முடிய நாற்பது நாள் இருக்கும்போது தற்காலிகமும் நானும் இயக்குநரைப் பார்க்கப் போனோம். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார்.

“‘உத்தேசப் பூங்கா எல்லைக்குள் நிரந்தரமாக வசிப்போர் அனைவரின் எழுத்துமூலச் சம்மதமும் பெறப்படல் வேண்டும்.’ வாங்கினீங்களா?”

“அங்கே ஆளே கிடையாது சார்,” என்றார் மாப்பிள்ளை.

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு எதுக்குய்யா பூங்கா?”

“மான் இருக்கு சார்.”

“நிரந்தரமாவா?”

“ஆமா சார். என்னை மாதிரி இல்லை.”

“எத்தனை பேர்?”

“முன்னூத்திப் பன்னெண்டு.”

“அப்ப முன்னூத்திப் பன்னெண்டு கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

“மானுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடத் தெரியும்?”

இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா ரேகை வாங்கணும். அடுத்த விதியே அதான். இதுகூடத் தெரியாம பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க. அதோட, காட்டுக்குப் பக்கத்துல இருக்கிற இந்த ஊரோட ஆதரவு மனு ஒண்ணு வேணும். ஊர்ல இருக்கிற நாலாயிரத்து இருநூறு பேர் கையெழுத்தும். அது சுலபம், மனுஷங்கதானே.”

மறுநாளே மாப்பிள்ளை உப்புக்கட்டியும் ஊதா மையுமாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். மரத்தடியில் உப்பு, அதற்கு முன்னால் மை நனைத்த சாக்கு, சாக்கைத் தாண்டினால் வெள்ளைத் தாள். மான் உப்பை நக்கிவிட்டுத் திரும்பும்போது அதன் சம்மதம் பதிவாகிவிடும். மனிதர் நேர்மைக்காரர். ஒரே மான் இரண்டு முறை சம்மதித்துவிடக் கூடாதென்று, சம்மதித்த மானின் முதுகில் நீளக் குச்சியால் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். குட்டிகள் மைனர் என்பதால் தாயின் ரேகையையும் பக்கத்தில் வாங்கினார். ஒரு கிழட்டு மான் மட்டும் ஒன்பது நாள் கிட்டவே வரவில்லை. “இஷ்டமில்லைன்னா இல்லைன்னு எழுதியாவது கொடு” என்று அதனிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். பத்தாம் நாள் அதுவும் மையை மிதித்தது.

என் தங்கை கடைக்கு வந்து அழுதாள். “அண்ணே, வீடெல்லாம் ஊதா மை. சாப்பிட உக்காந்தா, ‘இன்னிக்கு ஏழு பேர் ஒத்துக்கிட்டாங்க’ங்கறார். பேர்ங்கறார் அண்ணே!”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. நிரந்தரம் ஆகப்போறார்.”

“பைத்தியமாவா?”

ஊர் மனு என் கடை மேஜையில் இருந்தது. எல்லாரும் ஆதரவுதான், சந்தேகமே இல்லை. ஒவ்வொருவரும் பச்சைச் சட்டையோடு வந்து, மனுவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து என்றதும் ஒருவருக்குக் கண்ணாடி இல்லை, ஒருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “நம்ம வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் நீயே போட்டுடு, உன் எழுத்துதான் அழகு” என்றார்கள் மற்றவர்கள். மூன்று வாரம் ஆகியும் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. நான் என்ன செய்வேன்? தங்கை முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஐந்து பேனாக்களை வைத்துக்கொண்டு, நாலாயிரத்து இருநூறையும் நானே போட்டேன். சந்தேகம் வரக் கூடாதென்று இருநூறை இடது கையால் போட்டேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கோப்பு சட்டசபைக்குப் போனது. எதிர்க்கட்சித் தலைவர் மேஜையைத் தட்டினார். “அப்பாவி மான்களுக்கு உப்பைக் கொடுத்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்! இது லஞ்சமில்லையா?”

“உங்கள் ஆட்சியில் அந்த உப்பாவது கொடுத்தீர்களா?” என்று அமைச்சர் திருப்பிக் கேட்டார். அவர் கட்சிக்காரர்கள் கால்மணி நேரம் கை தட்டினார்கள். முடிவில், உண்மையைக் கண்டறிய ரேகை நிபுணர் ஒருவரை நியமித்தார்கள்.

அவர் பூதக்கண்ணாடியோடு ஐந்து நாள் உட்கார்ந்தார். அறிக்கையின் நகல் எடுக்க என்னிடம்தான் வந்தது. ‘காட்டுப் பகுதியில் பெறப்பட்ட முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ரேகைகளும் உண்மையானவை. ஊர்ப் பகுதியில் பெறப்பட்ட நாலாயிரத்து இருநூறு கையொப்பங்களும் ஒரே நபருடையவை. எனவே மேற்படி ஊரில் வசிப்பவர் ஒருவர் என ஆவணப்படி நிரூபணமாகிறது. அவருக்கு மணிக்கட்டு வலி இருக்க வாய்ப்புண்டு.’

நகல்களைக் கொண்டுபோனபோது இயக்குநர் அறையில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

“முன்னூத்திப் பன்னெண்டு பேர் குடியிருக்கிற இடத்தைப் பூங்காவாக்கி வேலி போட முடியுமா? நாளைக்கு ஓட்டுக் கேட்டு எந்த முகத்தோட போறது?” என்றார் அமைச்சர்.

“விடவே மாட்டோம்! உயிரைக் கொடுத்தாவது அந்த மக்களைக் காப்பாத்துவோம்!” என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

“அதையேதான்யா நானும் சொல்றேன்.”

“அப்ப நான் எதை எதிர்க்கிறது?”

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறையில் அமைதி நிலவியது. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“பூங்காவுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடம்தானே வேணும்? பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. அங்கே வசிக்கிறவர் ஒரே ஒருத்தர். அவரும் தன் ஆதரவை நாலாயிரத்து இருநூறு தடவை எழுதிக் கொடுத்திருக்கார். இவ்வளவு ஆர்வமுள்ள குடிமகனை நான் சர்வீஸ்ல பார்த்ததில்லை.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “சார், அந்த ஊர்லதான் நாம இப்ப உக்காந்திருக்கோம்!”

“நீங்க யாரு? ஆவணத்துல இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்றால் ஜெயில், இல்லை என்றால் ஊர் போகும். நகல்களை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வருஷத்தின் கடைசி நாளன்று அறிவிப்பு வெளியானது. காடு குடியிருப்புப் பகுதியாயிற்று. அங்கே தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் போட்டார்கள், பிளைவுட் கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர் தேசியப் பூங்காவாயிற்று. தெருமுனையில் ‘உயிரினங்கள் குறுக்கே வரலாம், மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைச் சட்டைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து, நான் பல் தேய்ப்பதைப் படம் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டால்கூடக் கொடுக்க முடியாது, உயிரினங்களுக்கு எதுவும் கொடுப்பது குற்றம்.

மாப்பிள்ளைக்கு நிரந்தர உத்தரவு வந்தது. புது யூனிஃபார்ம், கழுத்தில் விசில்.

“சந்தோஷம்தானே மாப்ளே?”

“சந்தோஷம்தான் மச்சான். ஆனா காட்டை விட்டுட்டு உங்களையெல்லாம் காவல் காக்கச் சொல்லிட்டாங்களே. மான்னா சொன்ன பேச்சைக் கேக்கும்.” அவர் கண் கலங்கியது.

பிறகு ஊருக்கு ரோஷம் வந்தது. முப்பது நாளுக்குள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தன் கையால் கையெழுத்திட்டு ஆட்சேபணை கொடுத்தால் அறிவிப்பை ரத்து செய்வதாக இயக்குநர் சொன்னார். இருபத்தொன்பது நாள் கோஷம் போட்டார்கள். முப்பதாம் நாளான இன்று காலை, ஊரே என் கடை முன்னால் திரண்டது. ஆட்சேபணை மனுவை விரித்து வைத்தேன், பேனாவும் வைத்தேன். முன்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“கூட்டமா இருக்கேப்பா. வெயில் வேற. உனக்குத்தான் பழக்கம் இருக்கே, எங்க எல்லாருக்கும் சேர்த்து நீயே போட்டுடு.”

“ஐயா, அப்படிப் போட்டுத்தானே நம்ம ஊரே போச்சு!”

“போன தடவை நீ சரியாப் போடலை. இந்தத் தடவை கையெழுத்தை மாத்தி மாத்தி நல்லாப் போடு,” என்று சொல்லிவிட்டு நடந்தார். மொத்த ஊரும் தலையாட்டிவிட்டு அவர் பின்னாலேயே கலைந்துபோயிற்று.

அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். இப்போது மணி மூன்று. எழுநூற்றுப் பதினாறு போட்டு முடித்திருக்கிறேன்.