ஒன்பது அடி தெக்லா

சின்சினாட்டி,
மார்ச் 9, 1910

என் அருமை மச்சினன் லோரென்ஸுக்கு, உன் அத்தான் ஒட்மார் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உரிம அலுவலகத்தில் உனக்கு ஜன்னலோர மேசை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். அந்த மேசைக்கு என்மேல் ஒரு புகார் வந்திருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

முன்பெல்லாம் ஒரு படத்தை வாங்கினால் அது நம்முடையது. ஓரத்துத் துளைகள் கிழிந்து, திரையில் மழை பெய்கிற மாதிரி கோடு விழும்வரை பதினொரு கொட்டகைகளுக்கும் மாற்றி மாற்றி வாடகைக்கு விடுவேன், கேட்க ஆள் கிடையாது. அது ஒரு காலம், லோரென்ஸ். போன வருஷம் படக் கம்பெனிகளெல்லாம் கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த உங்கள் உரிமம் வந்தது. படம் இனி விற்பனைக்கு இல்லையாம், இரவலாம். வெட்டக் கூடாது, உரிமம் இல்லாத கொட்டகைக்குக் கொடுக்கக் கூடாது, ஏழு மாதம் ஆனதும் எடுத்த கம்பெனிக்கே அத்தனை அடி நீளத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். துணிக்கடைக்காரன் மாதிரி நானும் அளவுகோலோடு உட்கார்ந்தேன்.

போன மே மாதம் நம் சந்தையைப் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது உனக்குத் தெரியும். அதில் உன் அக்கா தெக்லா வருகிறாள். கெண்டை மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பேரம் பேசுகிறாள், கேமராவைப் பார்த்ததும் ஈ ஓட்டுவது போல் கையை வீசுகிறாள். திரையில் சத்தம் வராது. பக்கத்தில் கூடையோடு நின்ற எனக்குத்தான் அவள் சொன்னது தெரியும். "இந்த ஆளை அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. நாம ஏதோ பெரிய மனுஷங்கன்னு நெனச்சு மீன்காரன் வெலைய ஏத்திருவான்." ஒன்பது அடி, ஒன்பது விநாடி, அவ்வளவுதான். நவம்பரில் அவள் கர்த்தரிடம் போய்விட்டாள். ஜூலையில் என் கைக்கு வந்த படத்தைத் திருப்பும் தவணை பிப்ரவரியில் வந்தது. நான் என்ன செய்ய? வெட்டிவிட்டேன். ஆனால் நாணயமாக வெட்டினேன், அதே கம்பெனியின் சர்க்கஸ் படத்திலிருந்து சரியாக ஒன்பது அடி எடுத்து அங்கே ஒட்டினேன். அனுப்பப்போகும் நேரத்தில் ஹாமில்டன் கொட்டகைக்கார மோசர் வந்து, கைவசம் படமில்லை, ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கொடு என்று நச்சரித்து அதைத் தூக்கிக்கொண்டு போனான். மீன் கடை வாசலில் யானை வந்து நின்றதும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்திருக்கிறது. மறுநாளே அந்தப் புண்ணியவான் 'மீன் வாங்க வந்த யானை' என்று வாசலில் பலகை வைத்துவிட்டான். கூட்டத்தோடு கூட்டமாக உங்கள் ஆய்வாளர் பிஞ்சமும் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

அவர் என் கடைக்கு வந்து படத்தை இரண்டு தடவை அளந்தார்.

"அடிக்கணக்கு சரியாத்தான் இருக்கு. யானைதான் எங்கேருந்து வந்துதுன்னு புரியல."

"அதே கம்பெனி யானைதான் ஐயா."

சிரிப்பார் என்று நினைத்தேன். பதினைந்து நாளுக்குள் வெட்டிய துண்டு வந்து சேராவிட்டால் உரிமம் ரத்து என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். உரிமம் போனால் ஒரு கம்பெனியும் எனக்குப் படம் தராது, பதினொரு கொட்டகைகளும் கைவிட்டுப் போகும். இந்த வயதில் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? அதனால் அந்த ஒன்பது அடியை இத்துடன் உள்ள பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். நீயே உன் கையால் ஒப்படைத்து, அத்தான் இனி ஒழுங்காக நடப்பார் என்று சொல்லி உரிமத்தைக் காப்பாற்றிக் கொடு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கர்த்தர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், முடிந்தால் பிஞ்சத்தையும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஒட்மார் வீஸ்னர்

பி.கு.: பொட்டலத்தை ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்தத் துண்டைக் கடைச் சுவரில் ஓட்டினேன். ஏழு தடவை ஆகிவிட்டது. மேலே கெஞ்சியதையெல்லாம் விட்டுவிடு. பொட்டலத்தில் இப்போது இருப்பது அந்த ஒன்பது அடி இல்லை, என் உரிமம். கண்ணாடிச் சட்டத்தோடு அனுப்பியிருக்கிறேன், உடையாமல் பிரி. அது மாட்டியிருந்த இடத்தில்தான் உன் அக்கா முகம் விழுகிறது.